ஓர் அடைமொழியின் வரலாறு

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இலக்கணம் கற்பித்தவன் நான். 'நல்ல' என்பது பெயரெச்சம். 'நல்லவர்' என்பது அதனின்று பிறந்த பெயர் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! இத்தகைய சிறு மாற்றத்தினுள் ஒரு நாட்டின் வரலாறே அடங்கியிருக்கக்கூடும் என்பதை, ஓய்வு பெற்றபின் ஸ்பானிய மொழி பயிலத் தொடங்கியபோதுதான் உணர்ந்தேன்.

அச்சொல் 'லிபெரால்' என்பது. இலத்தீனில் 'லிபெர்' என்றால் சுதந்தரமுடையவன். அதனின்று வந்த இவ்வடைமொழி, ஸ்பானிய மொழியில் நெடுங்காலம் 'கொடைக்குணமுள்ள' என்ற பொருளில் வழங்கிற்று. 'ஓம்ப்ரே லிபெரால்' என்றால் ஈகையுள்ள மனிதன். நம் மொழியைப் போலன்றி, அடைமொழி பெயருக்குப் பின்னே நிற்பதைக் காண்க. 'லோஸ் லிபெராலெஸ்' என்றாலோ, நம் 'நல்லவர்' போல, அடைமொழியே மனிதருக்குப் பெயராகிவிடும்.

1808ஆம் ஆண்டில் நெப்போலியன் ஸ்பானிய அரசர் ஏழாம் பெர்டினாண்டைப் பிரான்சில் காவலில் வைத்து, தன் தமையன் ஜோசப்பை அரியணையில் அமர்த்தினான். நாட்டு மக்கள் அதனை ஏற்கவில்லை. 1810 செப்டம்பரில் அவர்களுடைய பிரதிநிதிகள் காடிஸ் நகரை அடுத்த தீவில் கூடினர். பின்னர் முற்றுகையிடப்பட்ட அந்நகரினுள்ளேயே மன்றம் நடத்தினர். இறைமை தேசத்துக்கே உரியது, அச்சுக்குச் சுதந்தரம் வேண்டும் என்றவர்கள் 'லிபெராலெஸ்' எனப்பட்டனர். பழைமையைக் காத்தவர்களை எதிர்த்தரப்பினர் 'செர்விலெஸ்', அதாவது அடிமைப் புத்தியினர், என்று ஏளனம் செய்தனர். 'செர் வில்' என்று பிரித்தால், 'இழிந்தவனாயிருத்தல்' என்று பொருள்படும்!

1812 மார்ச் 19ஆம் நாள் 384 விதிகள் கொண்ட அரசியலமைப்பு வெளியாயிற்று. அதன் ஒரு பதிப்பு நம் நாட்டு இராஜாராம் மோகன் ராய்க்கே காணிக்கையாக்கப்பட்டது என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

ஆயினும் 1814இல் அரசர் மீண்டு வந்து அதனை ஒழித்தார். அந்த அடைமொழியைத் தாங்கியவர் பலர் சிறை புகுந்தனர். 1820இல் இராணுவக் கிளர்ச்சியினால் உயிர்பெற்ற அவ்வமைப்பு, 1823இல் பிரெஞ்சுப் படையினால் மீண்டும் வீழ்ந்தது. சொல் மட்டும் வீழவில்லை. ஆங்கிலம் முதலிய மொழிகளிலும் அரசியற் பெயராக வேரூன்றிற்று.

ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. கத்தோலிக்கம் ஒன்றே நாட்டின் சமயம் என்று விதித்ததும் அதே சட்டம். ஆப்பிரிக்க வழிவந்தோர்க்குக் குடியுரிமையைப் பெரும்பாலும் மறுத்ததும் அதே சட்டம். கொடையைக் குறித்த சொல்லைச் சூடியவர்களே எல்லோர்க்கும் கொடுக்கவில்லை.

மாணவர்களே, அடைமொழியின் பொருளை அகராதியில் பார்த்து அறியலாம். அது நமக்குப் பொருந்துமா என்பதை, நம்மிடம் ஒன்றும் பெறாது வாசலில் நிற்பவனைக் கேட்டே அறிய வேண்டும்.