வெள்ளித் துப்பாக்கி, கறுப்புத் துப்பாக்கி

போர்டு எழுதுகிறவனிடம் மரத் துப்பாக்கியும் வரும். காரைக்காலில் ஃப்ளெக்ஸ் வந்து எழுத்து வேலையைத் தின்றுவிட்ட பிறகு, ஆகஸ்ட் 15-க்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு நிற்கிற துப்பாக்கிக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் என் கைக்கு மிச்சமிருக்கும் நுணுக்கமான வேலை. கொண்டுவருகிற வாத்தியார்கள் எல்லாரும் ஒன்றையே கேட்கிறார்கள்: "நல்லா கறுப்பா, மிலிட்டரி துப்பாக்கி மாதிரி இருக்கணும் சார்." கட்டபொம்மன் நாடகம் என்றாலும் அதே கறுப்புதான்.

எனக்கு வழக்கே இங்கேதான். 1799-இல் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக்கு நடத்தி வந்த கம்பெனிப் படையின் துப்பாக்கி கறுப்பு கிடையாது. 1739-இல் தஞ்சை மராத்தியரிடமிருந்து நம் ஊரைப் பெற்ற பிரெஞ்சுக்காரனுடையதும், 1760-இல் அவனை இங்கிருந்து கிளப்பிய இங்கிலீஷ்காரனுடையதும் அப்படித்தான். அந்தக் காலத்துக் குழாய் தீட்டிய வெள்ளை இரும்பு. சிப்பாய் செங்கல் பொடியும் எண்ணெயும் போட்டுத் தேய்த்தபடியே இருக்க வேண்டும். பளபளப்பு குறைந்தால் அணிவகுப்பில் திட்டு விழும். தேய்த்துத் தேய்த்துக் குழாயே மெலிந்துபோனதும் உண்டு. வெயிலில் மின்னி எதிரிக்குக் காட்டிக்கொடுக்கவும் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் துருவை வேண்டுமென்றே ஏற்றி, தேய்த்து, இரும்பைப் பழுப்பாக்கும் வழக்கம் படைகளில் பரவிற்று. நீலக் கறுப்பு பிறகு வந்தது.

ஆக, மேடையில் மரக்கட்டைக்குச் சிகரெட் அட்டை ஈயத்தாளைச் சுற்றியவர்களும், அலுமினியப் பொடியை வார்னிஷில் குழைத்துப் பூசியவர்களும் சரியாகத்தான் செய்தார்கள். தெரிந்து செய்தார்களா என்றால், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டுமே என்று செய்திருப்பார்கள். பலன் ஒன்றுதான்.

கறுப்புக்கு எனக்குக் குரு எங்கள் தெரு சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா போய், பென்ஷனோடு திரும்பியவர். நான் பளபள எனாமல் அடித்து வைத்திருந்த துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்து, "என்னப்பா இது, புது சைக்கிளா?" என்றார். அவர் தூக்கியது மாஸ்-36. 1936 மாதிரி, அதன் இரும்புக்கே கறுப்பு எனாமல் பூசிச் சூட்டில் இறுக்கினார்கள். நம்ம இசாப்பூர் தொழிற்சாலையின் 7.62 ரைஃபிளும் பாஸ்பேட் பூச்சுக்கு மேல் கறுப்பு பெயிண்ட் கண்டதுதான். நிஜத் துப்பாக்கியே பெயிண்டில் நிற்கிறது. நாம் மரத்தில் அந்தப் பெயிண்டுக்கு வேஷம் கட்டுகிறோம்!

தாத்தா சொன்னபடி எனாமலை விட்டுவிட்டேன். மரத்தைப் பட்டி பார்த்து, முழு வழவழப்பு வருகிறவரை உப்புத்தாள் போட வேண்டும். மரத்தின் ரேகை ஒன்று தெரிந்தாலும் இரும்பு போச்சு. மேலே கரும்பலகைக்கு அடிக்கிற பெயிண்ட், மெல்லிசாக இரண்டு கை. அது மினுங்காது, சொரசொரப்பும் லேசாக இருக்கும். நன்றாகக் காய்ந்ததும் 6பி பென்சில் கூரைச் சுரண்டிப் பொடியாக்கி, பனியன் துணியில் தொட்டுத் தேய்ப்பேன். அந்தக் கணத்தில்தான் கட்டைக்கு இரும்பின் கனம் வருகிறது. கடைசியாக, அலுமினியம் பெயிண்டில் தொட்டுக் காகிதத்தில் துடைத்த, ஏறக்குறைய வறண்ட பிரஷ்ஷால், கை படுகிற இடங்களில் மட்டும் ஒரு வருடல்: போல்ட்டின் குமிழ், குழாய் வாய், மேகசின் முனை. எல்லா விளிம்பிலும் இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தேய்ந்த துப்பாக்கி இல்லை, கோலம் போட்ட துப்பாக்கி. பிடிக்கட்டைக்கு அரக்கும் ஸ்பிரிட்டும் கரைத்த பாலிஷ் போதும்.

வேலை முடிந்தால் சாக்கில் சுற்றித்தான் அனுப்புவேன். பஸ்ஸில் ஒருவர் பயந்து போலீஸுக்குப் போன் போட்டால் வாத்தியார்தான் பதில் சொல்ல வேண்டும்.

பானர்மேன் படைக்கு இப்போதெல்லாம் கேட்காமலே வெள்ளி அடித்துவிடுகிறேன். வாத்தியார் முகம் சுளித்தால் வருடத்தைச் சொல்வேன். அப்போதும் கறுப்புதான் வேண்டும் என்றால், கரும்பலகை பெயிண்ட் டப்பா மூடி திறந்தே இருக்கிறது, கூலியில் மாற்றமில்லை.