‘பேண்டர்’: ஸ்விஃப்ட்டின் வம்சாவளியை மறுபடி படித்தல்

பிறரைக் கிண்டலடிப்பதற்குப் பிரிட்டனில் அன்றாடம் வழங்கும் ‘பேண்டர்’ என்ற சொல், கடன்காரர்களின் புகலிடமாக இருந்த லண்டன் ஒயிட்ஃபிரையர்ஸ் பகுதிப் போக்கிரிகளின் வாயில் பிறந்து மெல்ல மேலேறி வந்தது என்று கொள்ளும் ஆய்வு மரபு ஒன்று உண்டு. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிய ஒரு பத்தி. அப்பத்தியைச் சொல் வரலாறாகப் படிப்பது பிழை என்பது என் வாதம்.

1704இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த ‘எ டேல் ஆஃப் எ டப்’ சமயத்தை இழிவுசெய்கிறது என்று கண்டனங்கள் எழுந்தன. வில்லியம் வாட்டன் 1705இல் அச்சிட்ட மறுப்பு அவற்றுள் கடுமையானது. 1710இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஸ்விஃப்ட் ஒரு தன்னிலை விளக்கத்தைச் சேர்த்தார். நமக்கு வேண்டிய பத்தி அதில் இருக்கிறது. நகைத்திறம் அறியாதவர்கள், அதன் அடி தம்மேல் விழும்போது அதற்கு ‘பேண்டர்’ என்று பெயரிட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள் என்கிறார் அவர். வம்சாவளி இதை ஒட்டியே வருகிறது: அச்சொல் முதலில் ஒயிட்ஃபிரையர்ஸ் போக்கிரிகளிடம் கடன் வாங்கப்பட்டது, பிறகு ஏவலாட்களிடம் போய்ச் சேர்ந்தது, கடைசியில் ஏட்டுப் புலமையாளர்களிடம் ஒதுங்கியது.

இந்த வரிசை ஏறுமுகமானதா? அப்படித்தான் படித்துவருகிறார்கள். எனக்கு அது இறங்குமுகமாகவே தோன்றுகிறது. போக்கிரி பயன்படுத்தியதை ஏவலாள் எடுத்துக்கொள்கிறான். அவனும் கழித்ததைப் புலமையாளர் பொறுக்கிக்கொள்கிறார். கடைசிப் படியில் நிற்பவர் ஸ்விஃப்ட்டின் எதிரி. வாட்டன் போன்றோரை ஏவலாளுக்கும் கீழே நிறுத்துவதற்கென்றே கட்டிய வரிசை இது என்றால், முதற்படியில் போக்கிரிகள் நிற்பதும் வசையின் தேவைக்காகவே இருக்கலாம்.

இந்த ஐயத்தை வலுப்படுத்தும் சான்று ஸ்விஃப்ட்டிடமே கிடைக்கிறது. 1710 செப்டம்பர் 28ஆம் நாளிட்ட ‘டாட்லர்’ 230ஆம் இதழில், மொழிச் சீர்கேட்டைப் பற்றி அவர் எழுதிய கடிதம் வந்தது. ‘பேண்டர்’, ‘பேம்பூஸில்’ முதலிய சொற்களைப் புனைந்தவர்கள் பகட்டு இளைஞர்கள் என்று அங்கே சொல்கிறார். ‘பேண்டர்’ பரவுவதைத் தடுக்கப் பல ஆண்டுகள் முயன்று தோற்றதாகவும் வருந்துகிறார். ஒரே ஆண்டில் அச்சேறிய இரண்டு எழுத்துகளில் ஒரே சொல்லுக்கு இரண்டு பிறப்பிடங்கள்! பகட்டு இளைஞர் என்றதும் போக்கிரிகளையே கேலியாகக் குறித்தது எனலாமே என்பர். ஆனால் அக்கடிதம் முழுவதும் நாகரிகப் பேச்சையும் நவநாகரிக எழுத்தையுமே சாடுகிறது. கடன்காரர்களின் புகலிடத்துக்கு அதில் இடமில்லை.

ஒயிட்ஃபிரையர்ஸ் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பெயர். தாமஸ் ஷாட்வெல்லின் ‘த ஸ்கொயர் ஆஃப் அல்சேஷியா’ 1688லேயே அப்பகுதியின் குழூஉக்குறிகளை மேடையேற்றியிருந்தது. 1697இல் அதன் புகலிட உரிமையும் ஒழிக்கப்பட்டது. ஸ்விஃப்ட் எழுதிய காலத்தில் ஒயிட்ஃபிரையர்ஸ் என்றாலே இழிபேச்சு என்று வாசகர் புரிந்துகொண்டிருப்பர். மறுபுறம், 1676இல் டர்ஃபியின் ‘மேடம் ஃபிக்கிள்’ நாடகத்தில், ஒரு கிழவரைச் சீண்டி வேடிக்கை பார்ப்பதற்கான ஏவலாக இச்சொல் வருகிறது. 1690இல் ஜான் லாக், ஏமாற்றைக் குறிக்கும் வேறிரு சொற்களோடு சேர்த்து இதையும் தத்துவ நூலில் எடுத்துக்காட்டாக்குகிறார். டர்ஃபி போக்கிரிகளிடம் கேட்டே எழுதினார் என்பாருக்குச் சான்று எதுவுமில்லை, மேலே போகலாம்.

கிண்டல் சொற்களுக்கு இழிந்த பிறப்பிடம் தேடும் ஆசை ஸ்விஃப்ட்டோடு முடியவில்லை. கிண்டலடிப்பதைக் குறிக்கும் ‘டேக்கிங் த பிஸ்’ (சொல்லுக்குச் சொல் ‘மூத்திரம் எடுப்பது’) என்ற தொடரை, லண்டனிலிருந்து யார்க்‌ஷயர் படிகார ஆலைகளுக்கு மூத்திரம் ஏற்றிச்சென்ற கப்பல்களோடு இன்றும் முடிச்சுப் போடுகிறார்கள். கப்பல்கள் போனது உண்மை. ஆனால் அத்தொழில் 19ஆம் நூற்றாண்டிலேயே ஓய்ந்துவிட்டது; தொடர் அச்சில் தலைகாட்டுவதோ 20ஆம் நூற்றாண்டில்.

ஸ்விஃப்ட்டின் பத்தி பிறப்பிடத்துக்குச் சான்றாகாது என்றாலும், அச்சொல்லால் மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்றை நான் அறியேன். ‘பேண்டர்’ என்று பெயரிடுவதே ஒரு செயல். அது எடைபோடுவதை நிறுத்திவிடுகிறது. 1710இல் அடிபட்டவர் அப்பெயரைச் சூட்டி அடியின் கனத்தைக் குறைத்தார். இன்று அடித்தவர் தரப்பு அதே வேலையைச் செய்கிறது. யார்க்‌ஷயர் கிரிக்கெட் அணியின் முன்னாள் வீரர் அசீம் ரஃபீக்கின் இனவெறிப் புகார்களை விசாரித்த குழு, 43 குற்றச்சாட்டுகளில் ஏழினை ஏற்றது. ஆனால் பாகிஸ்தான் வம்சாவளியினரை இழித்துரைக்கும் சொல்லை அவர்மேல் ஏவியதை, நட்பான ‘பேண்டர்’ என்ற வகையில் அது சேர்த்த செய்தி 2021 நவம்பரில் வெளிவந்தது.

சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதி ‘பேண்டர்’ என்னும் வினையைச் செயப்படுபொருள் குன்றா வினையாகப் பதிவுசெய்கிறது. கிண்டலடிப்பவர் ஒருவர், அதற்கு ஆளாகிறவர் இன்னொருவர். இன்று சாக்காகச் சொல்லப்படும் பெயர்ச்சொல்லில் இருவருமே மறைந்துவிடுகிறார்கள். யார் யாரை என்ற கேள்வி எழுவதற்கே அதில் வழியில்லை. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் 26ஆம் பிரிவில் இக்கேள்வியைத் திரும்பக் கொண்டுவருகிறது. நோக்கம் மட்டுமல்லாமல் விளைவும் துன்புறுத்தலாகலாம் என்கிற அப்பிரிவு, ஆளானவர் அதை எப்படி உணர்ந்தார் என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. யார்க்‌ஷயர் குழுவின் முடிவை எடைபோட வேண்டிய அளவுகோல் அதுவே.