மண்ணில் பிறந்த மங்கை: ஒரு படக்கதைத் தலைவியின் மறுபிறப்புகள்

கதைப் பாத்திரங்களுக்கு மூப்பில்லை. அவற்றைப் படைத்தோருக்கும் படித்தோருக்குமே மூப்பு உண்டு. இளமையில் நெஞ்சில் இடம்பிடித்த ஒரு தலைவி, ஆண்டுகள் பல கழிந்தபின் புதுக்கோலம் பூண்டு வரும்போது, அன்றைய வாசகர் ஆவலோடு அவளை எதிர்கொள்கின்றனர். பன்முறை மனம் வெதும்பித் திரும்புகின்றனர். இவ்வேமாற்றம் வெறும் பழமைப் பற்றுத்தானா? அன்றி, அதற்குத் தக்க காரணம் உண்டா? அமெரிக்கப் படக்கதைத் தலைவியான வொண்டர் வுமனின் வரலாறு இவ்வினாவுக்கு விடை காணத் துணை புரிகின்றது.

1941ஆம் ஆண்டின் இறுதியில் இத்தலைவி முதன்முதலாக அச்சேறினாள். அவளைப் படைத்தவர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் என்னும் உளவியல் அறிஞர். ஓவியம் தீட்டியவர் எச். ஜி. பீட்டர். பொய் கூறுவோரின் இரத்த அழுத்தம் மாறுபடுவதை ஆராய்ந்தவர் மார்ஸ்டன். அன்றைய படக்கதைகளில் வலிமை என்பது ஆடவர்க்கே உரியதாக இருந்தது. வலிமையும் அன்பும் ஒருங்கே அமைந்த பெண்ணொருத்தியைச் சிறுவர் சிறுமியர் முன் நிறுத்த வேண்டும் என்பது அவர் நோக்கம்.

அவர் வகுத்த கதையின்படி, ஆடவர் இல்லாத தீவொன்றில் அமேசான் பெண்கள் அமைதியாக வாழ்கின்றனர். அவர்தம் அரசி ஹிப்பாலிட்டா களிமண்ணால் ஒரு குழந்தையை வனைகின்றாள். தேவதை அஃப்ரோடைட்டி அதற்கு உயிரளிக்கின்றாள். அக்குழந்தையே டயானா. அவள் கையிலுள்ள சுருக்குக் கயிறு பகைவனைக் கொல்வதில்லை. அவனைப் பணியச் செய்கின்றது. தந்தையின்றித் தாயின் விருப்பத்தால் மட்டுமே பிறந்தவள், கொல்லாமல் வெல்லுகின்றவள் என்னும் இவ்விரண்டுமே இப்பாத்திரத்தின் ஆணிவேர் எனலாம்.

அத்தொடக்கக் காலம் குறையற்றது என்று கூறிவிட முடியாது. போர்க்காலக் கதைகளில் சப்பானியரை இழிவாகத் தீட்டிய பக்கங்கள் உண்டு. மார்ஸ்டனல்லாத பிறர் எழுதிய கதையொன்றில், 1942இல், வீரர் குழுவில் சேர்ந்த அவளுக்குக் கிடைத்த பணி செயலாளர் வேலையே! ஆயினும் ஆணிவேர் அறுபடவில்லை.

மார்ஸ்டன் 1947இல் மறைந்தார். பின்வந்த ஆண்டுகளில் இதழின் விற்பனை தளர்ந்தது. 1968இல் டென்னிஸ் ஓ'நீல் என்னும் எழுத்தாளரும் மைக் செகௌஸ்கி என்னும் ஓவியரும் அவளைப் புதுப்பிக்க முனைந்தனர். டயானா தன் ஆற்றல்களையும் பழைய உடையையும் துறந்தாள். நகரில் ஆடைக்கடை நடத்தினாள். பார்வையற்ற சீன ஆசான் ஒருவரிடம் தற்காப்புக் கலை பயின்றாள். அக்காலத் தொலைக்காட்சி உளவு நாடகங்களின் சாயல் அதில் படிந்திருந்தது. தெய்வ வரமின்றித் தன் முயற்சியால் நிற்கும் பெண்ணைக் காட்டுகின்றோம் என்று ஆசிரியர் கருதியிருக்கலாம். ஆனால் ஆடவ வீரர்கள் தத்தம் பேராற்றலோடு வானில் பறந்துகொண்டிருந்தபோது, அவள் ஒருத்தி மட்டும் தரையில் இறக்கப்பட்டாள் என்பதே வாசகர் கண்ட உண்மை.

அவ்வாசகருள் ஒருவர், 1940களில் சிறுமியாக இருந்து அக்கதைகளைப் படித்த குளோரியா ஸ்டைனம். பெண்ணுரிமை இயக்கத்தின் முன்னணியில் நின்ற அவர், 1972 சூலையில் தாம் தொடங்கிய 'மிஸ்' இதழின் அட்டையில் பழைய உடையணிந்த வொண்டர் வுமனையே இடம்பெறச் செய்தார். பழைய கதைகளைத் தொகுத்து நூலாகவும் வெளிக்கொணர்ந்தார். 1973இல் டயானா மீண்டும் தன் ஆற்றலைப் பெற்றாள். இளமையில் படித்த கதையின் நினைவு, பொதுவாழ்வில் ஒரு குரலாக ஒலித்தமைக்கு இது சான்றாகும்.

மாற்றம் யாவும் வெறுக்கப்பட்டன என்று எண்ணலாகாது. 1987இல் ஜார்ஜ் பெரெஸ் என்னும் ஓவியர் இக்கதையை முதலிலிருந்தே மீண்டும் தொடங்கினார். காதலனாக இருந்த ஸ்டீவ் டிரெவர் அகவையில் மூத்த நண்பரானார். கிரேக்கத் தொன்மம் விரிவாகப் புகுந்தது. ஆடவரின் கொடுமையால் மாண்ட பெண்களின் உயிர்களே அமேசான்களாக மறுபிறவி எய்தின என்னும் புதுக் கற்பனையும் சேர்ந்தது. இத்துணை மாற்றங்களையும் வாசகர் மகிழ்ந்து ஏற்றனர். களிமண் பிறப்பும் அமைதி வேட்கையும் அங்கே காக்கப்பட்டதே அதன் காரணம் என்பது என் கருத்து.

2011இல் வந்த புதுப்பிப்பு இதற்கு மறுதலையானது. பிரையன் அஸரெல்லோ எழுத, கிளிஃப் சியாங் ஓவியம் தீட்டினார். கதையமைப்பும் ஓவியமும் திறனாய்வாளர் பலரின் பாராட்டைப் பெற்றன என்பதை நேர்மையாகக் கூறவேண்டும். ஆனால் அதில் களிமண் கதை பொய்யென்றும், டயானா ஜூஸ் தேவனின் மகளென்றும் காட்டப்பட்டது. 2012இல் வந்த ஏழாம் இதழில், அமேசான்கள் கப்பலோட்டிகளைக் கூடிக் கொல்வோராகவும், பிறந்த ஆண்மகவுகளைப் படைக்கலங்களுக்கு மாற்றாகக் கொடுத்துவிடுவோராகவும் ஆயினர். அன்னையரின் அமைதித் தீவு கொலைக்களமாயிற்று. நெடுநாள் வாசகர் பலர் நொந்ததில் வியப்பில்லை. 2016இல் கிரெக் ருக்கா என்னும் எழுத்தாளர், அவள் அறிந்திருந்தவை பொய்களே என்று கதையமைத்து, பழைய வேரை மீட்க முயன்றார்.

அவ்வாண்டிலேயே மற்றொரு புத்துயிர்ப்பும் நிகழ்ந்தது. 2016 அக்டோபர் 21ஆம் நாள், பெண்கள், சிறுமியர் மேம்பாட்டுக்கான மதிப்புறு தூதராக ஐக்கிய நாடுகள் அவை வொண்டர் வுமனை அறிவித்தது. அவை ஊழியர் சிலர் விழாவிலேயே முதுகைக் காட்டி நின்று எதிர்ப்பைத் தெரிவித்தனர். உடலைக் காட்டும் உடையணிந்த கற்பனைப் பெண் உலகப் பெண்டிர்க்கு உரிய தூதரா என்று கேட்ட விண்ணப்பத்தில் பல்லாயிரவர் கையொப்பமிட்டனர். அவையின் தலைமைச் செயலாளர் பதவிக்குப் பெண்கள் பலர் போட்டியிட்டும் ஆடவர் ஒருவரே தேர்வான வேளை அது. திசம்பர் 16ஆம் நாளோடு அத்தூதுப் பணி முடிவுற்றது. 1972இல் பெண்கள் தாமே தேர்ந்தெடுத்த சின்னம், 2016இல் மேலிருந்து வழங்கப்பட்டபோது பொருளிழந்தது.

இவ்வரலாற்றால் நாம் பெறுவன யாவை? இப்பாத்திரத்தின் சட்ட உரிமை பதிப்பகத்தின்பாற்பட்டது. அதன் பொருளோ வாசகர் நெஞ்சில் வளர்ந்தது. உடை, தொழில், நண்பர், காலம் ஆகியவை மாறலாம். வேர் மாறினால், பெயர் மட்டுமே எஞ்சும். வகுப்பறையில் பழங்கதையொன்றை மறுபடைப்புச் செய்யப் பணிக்கும் ஆசிரியர், எதை மாற்றினாய் என்று மாணவரைக் கேட்பதற்குமுன், எதை மாற்றலாகாது என்று கண்டாய் எனக் கேட்பாராயின், அம்மாணவர் திறனாய்வின் முதற்படியில் கால்வைத்தவர் ஆவர்.