நிலநடுக்கத்தைத் தாங்குமா நம் அடுக்குமாடி?

2009 செப்டம்பர் 30-ஆம் தேதி சுமத்ராவின் பாடாங் அருகே 7.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. 400 கிலோமீட்டருக்கும் அப்பால், கோலாலம்பூரில் உயரமான கட்டடங்கள் ஆடின. மக்கள் மாடிகளிலிருந்து இறங்கி வெளியேறினர்.

தூரம் கூடக்கூட வேகமான அதிர்வுகள் அடங்கிவிடும். மெதுவான அலைகளோ நெடுந்தூரம் வரும். உயரமான கட்டடமும் இயல்பாகவே மெதுவாக அசையும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் இரண்டும் சேர்ந்தால் ஆட்டம் பெருகும். தோட்டத்து லயன் வீட்டில் தெரியாத அதிர்வு, கம்போங் மேடான் அடுக்குமாடியின் மேல்தளத்தில் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஆடுவது வேறு, உடைவது வேறு. நிலநடுக்கத்துக்கான கட்டட வடிவமைப்புத் தரத்தின் தேசிய இணைப்பை மலேசியா 2017-இல் வெளியிட்டது. அதற்கு முந்தைய கட்டடங்களில் பெரும்பாலானவை நிலநடுக்கத்தைக் கணக்கில் எடுக்காதவை. அதனால் அவை ஆபத்தானவை என்று முடிவுகட்ட முடியாது, ஆராயப்பட வேண்டியவை.

இந்த ஆய்வு படிப்படியாக நடக்கும். முதலில் பொறியாளர் வெளியிலிருந்து பார்வையிட்டு மதிப்பெண் இடுவார். கட்டுமான வகை, உயரம், கட்டப்பட்ட ஆண்டு, வடிவம், மண் ஆகியவை கணக்கில் வரும். மதிப்பெண் குறைந்தால் வரைபடம், கான்கிரீட்டின் வலிமை, உள்ளிருக்கும் கம்பிகள் ஆகியவை சோதிக்கப்படும்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கீழ்த்தளம். மேலே சுவர்கள் நிறைந்து, கீழே கார் நிறுத்தவோ கடைக்கோ வெறும் தூண்கள் மட்டும் இருந்தால், ஆட்டத்தின் பாரம் முழுவதும் அந்தத் தூண்களில் இறங்கும். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் இத்தகைய அடுக்குமாடிகள் இடிந்தன. அடுத்தது மண். 1985-இல் மெக்சிகோ நகரின் பழைய ஏரிப்படுகை, தொலைவில் எழுந்த அதிர்வைப் பல மடங்காக்கியது. கிள்ளான் பகுதியிலும் மென்மையான கடல் களிமண் உண்டு.

அதிர்வு சுமத்ராவிலிருந்துதான் வரும் என்பதும் இல்லை. 2007 முதல் 2009 வரை பகாங்கின் புக்கிட் திங்கியில் சிறு நடுக்கங்கள் பதிவாயின. 2025 ஆகஸ்டு 24-ஆம் தேதி ஜொகூரின் சிகாமட்டில் 4.1 அளவில் நிலம் அதிர்ந்தது.

குடியிருப்பாளர்கள் செய்யக்கூடியவையும் உண்டு. பூச்சில் தெரியும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் கவலைக்குரியவை அல்ல. தூணிலோ உத்தரத்திலோ சாய்வான வெடிப்பு, உதிரும் கான்கிரீட், துருப்பிடித்து வெளியே தெரியும் கம்பி ஆகியவற்றைப் படம் எடுத்து, கூட்டு நிர்வாக மன்றத்திடம் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பல மலிவு விலை அடுக்குமாடிகளில் சுவரே பாரத்தைத் தாங்குகிறது. எனவே பொறியாளரைக் கேட்காமல் சுவரை உடைத்து வீட்டைப் பெரிதாக்கக் கூடாது.

1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 85ஏ பிரிவின்படி, ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்குமாறு ஊராட்சி மன்றம் உரிமையாளருக்கு உத்தரவிடலாம். கடைசிப் பரிசோதனை எப்போது நடந்தது, அறிக்கை எங்கே என்று அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் கேட்பது குடியிருப்பாளர்களின் முதல் வேலையாக இருக்கட்டும்.