சக மாணவர் வாசிப்புப் பயிற்சி

ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சொற்களைப் பார்த்தவுடன் படிக்க, சரளமாக வாசிக்கும் மாணவர் தடுமாறும் மாணவரைப் பழக்கும் கற்பித்தல் முறை. ஒத்த வகுப்பினர், மூத்தவர்–இளையவர் என இருவகைப்படும். ‘வாஸ்’ (was), ‘செட்’ (said) போன்று எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாத சொற்களுக்கு மிகவும் பயன்படும். இவ்வாறு அடிக்கடி வரும் 220 பொதுச்சொற்களை எட்வர்டு டால்ச் 1936இல் தொகுத்தார்.

மூத்த மாணவர் இளையவருக்குப் பாடம் சொல்லித்தரும் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை வழக்கம் இப்பயிற்சியின் தமிழக முன்னோடி. சென்னை எழும்பூர் ஆண் அநாதை இல்லத்தில் 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவருக்கு மணலில் எழுத்துப் பழக்கினார்; 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வழி இது ‘மெட்ராஸ் முறை’ எனப் பிரிட்டனில் பரவியது. தமிழகமெங்கும் 2007–08இல் விரிந்த செயல்வழிக் கற்றலில் சக மாணவர் துணையுடன் கற்கும் தனிக்குழு இருந்தது. ஆசிரியர் மேற்பார்வை தளர்ந்தால் பிழையான உச்சரிப்பே நிலைத்துவிடக்கூடும் என்பது சக மாணவர் வாசிப்புப் பயிற்சியின் ஒரு குறை.