காக்காய் பிடித்த கதை

காவாந்தண்டலத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பேச்சுவாக்கில் அந்த வீட்டுப் பெரியவர், "பையனுக்குப் படிப்பு இருக்கிறது, ஸார். காக்காய் பிடிக்கத்தான் தெரியவில்லை, வேலை கிடைக்கவில்லை" என்றார். முற்றத்தில் ஒரு காக்கை சோற்றுக்காகக் காத்திருந்தது. அதைப் பிடிப்பதற்கும் உத்தியோகத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தமே இல்லை என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். 'கால் கை பிடித்தல்' என்பது பேச்சில் தேய்ந்து 'காக்கை பிடித்தல்' ஆயிற்றாம். காக்கை என்று காதில் விழுந்தபின் அது காக்காயாக எவ்வளவு நேரம்? பொருத்தமாகத்தான் இருக்கிறது. கால் காசு நம் வாயில் 'காக்காசு' ஆகிறது. கால் படி 'காப்படி' ஆகிறது. "காலைக் கையைப் பிடித்து வேலை வாங்கினான்" என்று இன்றும் சொல்கிறோமே!

ஆங்கிலத்தில் இதற்குக் 'கர்ரி ஃபேவர்' என்று பெயர். இந்தக் கர்ரி, சமையற்கட்டுக் கறி அல்ல; குதிரைக்கு உடம்பு தேய்த்துவிடுவது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் எழுந்த ஒரு நையாண்டிக் காவியத்தில் ஃபோவெல் என்றொரு குதிரை வருகிறது. அரசரும் குருமாரும் போட்டி போட்டுக்கொண்டு அதைத் தேய்த்துவிடுகிறார்கள். ஆங்கிலேயர் அந்தப் பெயரை 'ஃபேவல்' என்றார்கள். நாளடைவில் அது 'ஃபேவர்', அதாவது தயவு, ஆகிவிட்டது. அங்கே ஒரு குதிரை மறைந்தது. இங்கே ஒரு காக்கை முளைத்தது. பிடித்துவிடும் கை மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

காவாந்தண்டலத்துக்குப் பக்கத்து ஊர் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையைச் சொல்கின்றன. 30 குடும்புகள். தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். ஒன்றுமறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய உறவினருக்கும் இடமில்லை.

நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே அந்த உரிமை என்பதையும் மறக்கக்கூடாது. ஆனாலும் அந்தச் சபையார் மனித சுபாவத்தை அறிந்தவர்கள். குடத்துக்குக் காலும் இல்லை, கையும் இல்லை. யார் எதைப் பிடிப்பது?

பெரியவரிடம் இதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்தக் குடம் இப்போது யாரிடம் இருக்கிறது, ஸார்?" என்று கேட்டார்.