தூங்கி எழுந்தும் தீராத சோர்வு: பர்ன்அவுட்டா, மனச்சோர்வா, ரத்தசோகையா?

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நல்லாத் தூங்கியாச்சு. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறக்கக் கை வரவில்லை. அரை மணி நேரத்தில் முடிக்கும் ரிப்போர்ட் மதியம் வரை இழுக்கிறது. யார் போன் செய்தாலும் எரிச்சல். டெல்லியில் வேலை பார்க்கும் பெண்ணாக இருந்து, "எனக்கு என்னதான் ஆச்சு?" என்று உங்களையே கேட்டுக்கொண்டிருந்தால் இதைப் படியுங்கள்.

இதற்கெல்லாம் 'பர்ன்அவுட்' என்று பெயர் வைத்துவிடுவது இப்போது சுலபமாகிவிட்டது. ஆனால் அந்தச் சொல்லுக்கு அளவான ஒரு பொருள் உண்டு. நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் வேலை செய்தவர்கள் மெல்ல மெல்ல வற்றிப்போவதைப் பார்த்து, உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-ல் இந்தப் பெயரில் எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் மூன்று அடையாளங்களை வரையறுத்தது: சக்தி வடிந்துபோதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், 'என்னால் எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை' என்ற எண்ணம்.

முதலாவதை எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஏமாற்றுவது இரண்டாவதுதான். ஒரு காலத்தில் ஜூனியர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த நீங்கள், இப்போது "எதையோ பண்ணித் தொலைங்க" என்று நகர்ந்துவிடுகிறீர்கள். அப்புறம், 'நான் ஏன் இவ்வளவு மோசமான ஆளாயிட்டேன்?' என்று இரவில் உறுத்துகிறது. அது குணக்கேடு இல்லை, அடையாளம்.

இன்னொன்றையும் அந்த நிறுவனம் தெளிவாகச் சொன்னது. பர்ன்அவுட் நோய் அல்ல. சமாளிக்க முடியாமல் நீண்டகாலம் தொடரும் வேலை அழுத்தத்தின் விளைவு. அதாவது, வேலை அப்படியே இருக்க, உங்களை மட்டும் யோகா வகுப்புக்கு அனுப்பி இதைச் சரிசெய்ய முடியாது.

பெண்களுக்கு ஏன் கூடுதல் சுமை?

ஆபீஸ் முடிந்ததும் அடுத்த ஷிப்ட் தொடங்குவதால்தான். வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடங்களையும், ஆண்கள் 88 நிமிடங்களையும் செலவிடுவதாக மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. 2019-ல் இது 299, 97 ஆக இருந்தது. பெண்களின் பளு பத்து நிமிடம் குறைந்ததற்குச் சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், ஆண்களின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது!

இதற்கு மேல் டெல்லி தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறது. மயூர் விஹாரிலிருந்து குருகிராமுக்கு மெட்ரோ மாறிப் போய்வருவது, குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடுவதால் ஸ்டேஷனிலிருந்து வீடு வரை லைவ் லொகேஷன் அனுப்பிக்கொண்டே நடப்பது, நவம்பரில் காற்றின் தரத்தைப் பார்த்துக் குழந்தையை வெளியே விடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது. எந்த டைம்ஷீட்டிலும் வராத வேலை இது. 'அம்மா வந்து ரெண்டு வாரம் இருந்துட்டுப் போகட்டும்' என்றால், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒரு நாளுக்கும் மேலான பயணம்.

முதலில் ரத்தப் பரிசோதனை

பர்ன்அவுட் என்று முடிவுகட்டும் முன் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்திருந்தால், எவ்வளவு லீவு போட்டாலும் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

அடுத்து, மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். எளிதாக ஒன்றைக் கவனியுங்கள். ஆபீஸ் நினைப்பு இல்லாத நாளில் சாப்பாடு ருசிக்கிறதா, தோழியோடு பேசினால் சிரிப்பு வருகிறதா? வருகிறதென்றால் பெரும்பாலும் பிரச்னை வேலையில் இருக்கிறது. எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவும் வரலாம். டெல்லியில் எய்ம்ஸிலும், தில்ஷாத் கார்டனில் உள்ள இஹ்பாஸ் மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே அழையுங்கள்.

மீள்வது எப்படி?

லீவு தேவைதான். ஆனால் திரும்பி வரும்போது அதே பளு காத்திருந்தால், கிடைத்த தெம்பு சில வாரங்களில் கரைந்துவிடும். லீவுக்கு முன்பே மேனேஜரிடம் பேசுங்கள். "ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு" என்றால் அனுதாபம் கிடைக்கும், வேலை குறையாது. கையில் உள்ள எல்லா வேலைகளையும், ஒவ்வொன்றுக்கும் ஆகும் மணி நேரத்தையும் எழுதிக்கொண்டு போய், "இதில் எந்த ரெண்டை நிறுத்தட்டும்?" என்று கேளுங்கள். பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டெல்லி கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1954-ன்படி பொதுவான வரம்பு நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓராண்டு வேலை பார்த்தவருக்குக் குறைந்தது 15 நாள் சம்பளத்துடன் விடுப்பு. அதுபோக நோய், தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். சில பதவிகளுக்கும் நிறுவனங்களுக்கும் விலக்கு உண்டு. நொய்டாவும் குருகிராமும் வேறு மாநிலங்கள் என்பதால் அங்கே சட்டமும் வேறு.

வீட்டிலும் இதே கணக்குதான். "ஹெல்ப் பண்ணுங்க" என்று கேட்டால் வேலை கைமாறும், அதை ஞாபகம் வைத்திருக்கும் பொறுப்பு உங்களிடமே இருக்கும். பால் கணக்கு, பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு, கேஸ் புக்கிங் என ஏதாவது ஒன்றை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். ஒருநாள் கேஸ் தீர்ந்துபோனால் போகட்டும்.

ராஜினாமாக் கடிதத்தை மட்டும் இப்போது எழுத வேண்டாம். களைப்பின் உச்சத்தில் எல்லா வேலையும் மோசமாகத்தான் தெரியும். உடலும் தூக்கமும் கொஞ்சம் தேறிய பிறகும் அதே எண்ணம் இருந்தால் அப்போது எழுதலாம். பாலியல் தொல்லை, மிரட்டல் உள்ள இடங்களுக்கு இது பொருந்தாது. அங்கே காத்திருக்க வேண்டியதில்லை.

சிகிச்சை தேவைப்பட்டால் செலவு பற்றிய கேள்வி வரும். உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. மனநல சிகிச்சைக்கான பணத்தை மறுத்த ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு எதிராக டெல்லிப் பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2021-ல் இதை உறுதிசெய்தது. ஆனால் பல பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும், கவுன்சலிங் கட்டணம் அதில் வராது. உங்கள் ஆபீஸ் பாலிசியில் வெளிநோயாளி சிகிச்சை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டிய அவசியமில்லை.